இரண்டு நிமிஷ நெருப்பு

போன மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மண்டையைப் போட்டது. பன்னிரண்டு வயசு. மோட்டார் ஓடுகிறது, ஆனால் பால் திரிகிறது. பார்க்க வந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயசிருக்கும். ஃபிரிட்ஜைத் திருப்பிவைத்து, பின்பக்கக் குழாய்களை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய விரலை என்னிடம் காட்டினார். “ஜாயின்ட்ல லீக் சார். கேஸ் மொத்தமும் போயிருச்சு.”

குழாயை வெட்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், பழைய ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். டார்ச்சைப் பற்றவைத்தார். செம்புக்குழாய் மங்கலாகச் சிவந்தது. கையிலிருந்த ராடை ஓரமாகத் தொட்டார். அது தேன் மாதிரி ஓடி இடுக்குக்குள் மறைந்தது. அவ்வளவுதான். அப்புறம் பம்ப்பை வைத்து முக்கால் மணி நேரம் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கேஸ் அடைத்தார். பில் 2,800 ரூபாய்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து ஃப்ளாட் இளைஞர் சும்மா இருக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் செயற்கை நுண்ணறிவில் வேலை பார்ப்பவர். “என்னண்ணே, ரெண்டு நிமிஷம் நெருப்பு காட்டினதுக்கு இவ்ளோவா?” என்றார்.

மெக்கானிக்குக்குக் கோபமே வரவில்லை. அணைத்த டார்ச்சை மறுபடி பற்றவைத்து, ஒரு துண்டுக் குழாயையும் எடுத்து நீட்டினார். “நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க தம்பி.”

இளைஞர் ஓரடி பின்னால் போனார். “ஐயோ, அதெல்லாம் உங்க வேலைண்ணே!”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பின்னால் நகர்ந்தபோது என் காலை மிதித்தார். காரணம், நான் அவருக்கு முன்பே பின்னால் போயிருந்தேன்.

‘அதெல்லாம் உங்க வேலை.’ இந்த மூன்று வார்த்தைகளோடுதான் எனக்கு இந்த வாரம் சண்டை. உங்களோடும் என்னோடும் சேர்த்துத்தான்.

*

முதலில் ஒரு கதை. அமெரிக்கக் கதை. 1976.

உலகத்தின் மிக வேகமான கம்ப்யூட்டர் என்று அப்போது பெயர் வாங்கிய கிரே-1, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த வருஷம் அது. வடிவமைத்தவர் சைமர் கிரே. ஆங்கில ‘சி’ எழுத்து வடிவத்தில் நிற்கும். அடியில் சுற்றிலும் சோபா மாதிரி மெத்தை போட்ட இருக்கை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே கொதிக்கும். அதைக் குளிர்விக்க என்ன செய்தார்கள் தெரியுமா? உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நடக்கும் அதே சமாசாரம்தான். இரண்டிரண்டு சர்க்யூட் போர்டுகளுக்கு நடுவே ஒரு செம்புத் தகடு. தகட்டில் ஏறிய சூட்டை, குழாய்களில் ஓடும் ஃப்ரியான் வாங்கிக்கொண்டு போகும்.

முதல் மெஷின் ஆறு மாதம் தாமதமானது. கணக்கில் தப்பா? சில்லில் கோளாறா? இரண்டும் இல்லை. ஃப்ரியானோடு கலந்து ஓடும் எண்ணெய் குழாய் மூட்டுகளில் கசிந்து, போர்டுகள்மேல் படிந்து, ஷார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. கடைசியில் குழாயை மூடுவதற்குப் புதிதாக ஒரு வெல்டிங் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் மெஷின் வெளியே வந்தது.

அதாவது, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய மூளைகள் எல்லாம் கைகட்டிக் காத்திருந்தது ஒரு லீக் இல்லாத ஜாயின்ட்டுக்காக! என் வீட்டு ஃபிரிட்ஜின் அதே பிரச்னைக்காக. யாரும் அங்கே ‘ரெண்டு நிமிஷ நெருப்புதானே’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

*

இரண்டாவது கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு விசித்திரமான கூட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் பிராசஸரை, அதைச் செய்த கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டுகிறவர்கள். ஓவர்கிளாக்கர்கள் என்று பெயர். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் பிராசஸர் மயக்கம் போடும். மின்விசிறி வைத்துப் பார்த்தார்கள், தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. அதற்கும் கீழே போகணுமென்றால் ஒரு வழி உண்டு. ஃபிரிட்ஜ்.

பழைய ஜன்னல் ஏ.சி.யைப் பிரித்தார்கள். கம்ப்ரஸர், கண்டன்ஸர் கிடைத்துவிட்டது. மெல்லிய கேப்பிலரிக் குழாயும் கடையில் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றே ஒன்று. எவாப்பரேட்டர். நம் ஃபிரிட்ஜ் ஃப்ரீஸரைச் சுற்றி ஓடுகிறதே, அந்தக் குளிர்ப்பகுதி. வீட்டு ஃபிரிட்ஜில் அது முழ நீளம், முழ அகலம். பிராசஸருக்கு வேண்டியதோ உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு செம்புக் கட்டி.

இதன் தத்துவம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகப் போகிற திரவம் போகிற போக்கில் உங்கள் தோலின் சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது. எவாப்பரேட்டரிலும் அதே திருட்டுதான். ஆர்-134ஏ என்கிற ஃபிரிட்ஜ் வாயு மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். ஏ.சி.யில் இருந்த பழைய ஆர்-22 மைனஸ் 41-ல். செம்புக் கட்டிக்குள் அதைக் கொதிக்கவிட்டால், கட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிராசஸரின் சூடு முழுக்கக் காணாமல் போகும்.

எவ்வளவு சூடு என்கிறீர்கள்? ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 2004-ல் இன்டெல் வெளியிட்ட பென்டியம்-4 பிரெஸ்காட் சில்லின் பரப்பு 112 சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம் அளவு. அதில் வேகமான ரகங்களின் வெப்பக் கணக்கு 115 வாட். அதாவது, இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெருக்கமான சூடு. விரட்டி ஓட்டினால் இன்னும் அதிகம்.

கடையில் கிடைக்காததால் அவர்களே செய்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள உருண்டைச் செம்புக் கம்பியில் ஒரு வில்லை அறுத்து, லேத்திலோ டிரில்லிலோ உள்ளே சுருள் சுருளாகப் பாதை குடைந்து, மேலே மூடி வைத்து, கேப்பிலரி உள்ளே போக ஒரு துளை, ஆவி வெளியே வர ஒரு துளை. இதுவரைக்கும் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். அப்புறம்தான் இருக்கிறது நெருப்பு.

*

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டு மெக்கானிக்கின் இரண்டு நிமிஷத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

செம்பு 1,085 டிகிரியில் உருகும். ஒட்டவைக்கும் ராடு செம்பு, பாஸ்பரஸ், கொஞ்சம் வெள்ளி கலந்தது. 15 சதவிகிதம் வெள்ளி உள்ள ராடு 640 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்து, 800-ல் முழுசாகத் தண்ணீராகிவிடும். இந்த இடைவெளிக்குள் வேலை முடியணும். குறைந்தால் ராடு உருண்டையாகி உட்கார்ந்துகொள்ளும், ஒட்டாது. கூடினால் வேலையே உருகிப்போகும். தெர்மாமீட்டர் வைக்க முடியாது. செம்பின் நிறம்தான் தெர்மாமீட்டர். கண்தான் கணக்கு.

இன்னொரு சங்கடம். எவாப்பரேட்டருக்குச் செம்பை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம்? வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பதற்காக. டார்ச்சைக் காட்டும்போது அந்த நல்ல குணமே வில்லனாகிவிடும். ஒரு பக்கம் சூடு காட்டக் காட்ட, கட்டி அதை வாங்கி வாங்கி மறுபக்கம் பரப்பிவிடும். மெல்லிய குழாயை ஒரு சின்ன டார்ச் நொடியில் சிவக்கவைக்கும். அதே டார்ச்சைக் கட்டிக்குக் காட்டினால் காலிப் பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்ட கதை. சூளைச் செங்கல் அடுக்கி, அடியிலிருந்து முன்கூட்டியே காய்ச்சி, பெரிய நெருப்பாகப் போட்டு, மொத்தக் கட்டியையும் ஒரே சீராக ஏற்றணும்.

ராடை நெருப்பில் காட்டி உருக்கி ஊற்றக் கூடாது. கத்துக்குட்டிகள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு அதுதான். சூடான செம்பு ராடை உருக்கணும். உருகிய உலோகம் சூடு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். மூடிக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு தலைமுடி கனத்துக்கு இடைவெளி விட்டிருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தானே உறிஞ்சிக்கொள்ளும். இடைவெளி அதிகமானால் உறிஞ்சாது. கொஞ்சம் அழுக்கிருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும், ஜாதி பார்க்கிற மாதிரி.

செம்போடு செம்பை ஒட்ட இந்த ராடுக்கு ஃப்ளக்ஸ் வேண்டாம். பாஸ்பரஸே துடைத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் அதே ராடை கம்ப்ரஸரின் இரும்புக் குழாயில் வைத்தால்? ஒட்டின மாதிரி காட்டும். ஒரு நாள் அதிர்வில் பிஸ்கட் மாதிரி உடையும். இரும்புக்கு வேறு வெள்ளி ராடு, கூடவே ஃப்ளக்ஸ்.

மூடிக்கு ஒரு ஜாயின்ட், கேப்பிலரிக்கு ஒன்று, பெரிய குழாய்க்கு ஒன்று. மூன்றாவதைக் காய்ச்சும்போது முதலாவது இளகிவிடும். அதனால் முதல் ஜாயின்ட்டுக்கு அதிகச் சூட்டில் உருகும் ராடு, கடைசிக்குக் குறைந்த சூட்டில் உருகும் ராடு என்று வரிசை போட்டுக்கொள்ளணும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெளியே தெரியாத ஒன்று. செம்பு சிவக்கும்போது வெளியே மட்டும் கருகுவதில்லை. உள்ளேயும் கறுப்புச் செதில் உண்டாகும். பிறகு கேஸும் எண்ணெயும் ஓடும்போது அது உரிந்து போய் எங்கே அடைக்கும்? ஊசித்துளை மாதிரி இருக்கும் கேப்பிலரியில். அதனால், காய்ச்சும்போதே குழாய்க்குள் மெல்லிசாக நைட்ரஜன் ஓடவிடணும். ஆக்ஸிஜன் இல்லையென்றால் செதில் இல்லை.

இத்தனையும் செய்து முடித்து, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, வாளித் தண்ணீரில் முக்கினால், ஓர் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்க்கும். எல்லாம் முதலிலிருந்து.

இப்படி ஆறு வாரச் சனி, ஞாயிறைத் தின்று ஒரு செம்புக் கட்டி செய்து முடித்தவனிடம் போய், ‘ரெண்டு நிமிஷ நெருப்புக்கு இவ்ளோவா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

*

“சார், வேலையத்த பயல்கள் விளையாட்டு. இதனால் உலகத்துக்கு என்ன லாபம்?” என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். நம் தேசிய கீதத்துக்கு அடுத்தபடி நாம் அதிகம் பாடுவது ‘இதனால் என்ன லாபம்?’

2000-ஆம் வருஷம் ஜனவரியில், அமெரிக்காவின் தெற்கு கரோலினாவிலிருந்த கிரையோடெக் என்ற சின்ன கம்பெனி, ஏ.எம்.டி. பிராசஸரை இதே முறையில் குளிரவைத்து 1 ஜிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை விற்றது. ஏ.எம்.டி.யும் இன்டெலும் தாங்களே அந்த வேகத்தை எட்டியது மார்ச்சில்தான். அதே 2000-ல் டென்மார்க்கில் ஆரம்பித்த அஸெடெக், ‘வேப்போசில்’ என்ற பெயரில் ஃபிரிட்ஜ் வைத்த கம்ப்யூட்டர் பெட்டியை விற்றது. பிற்பாடு அதே கம்பெனி தண்ணீரில் குளிர்விக்கும் சாதனங்களை லட்சக்கணக்கில் விற்கும் நிலைக்கு வந்தது.

பெரிய கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது? வேகம், இன்னும் வேகம் என்று முழங்கிக்கொண்டிருந்தது. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் வருகிறது என்று சொன்னது இன்டெல். 2004 மே மாதம், அடுத்து வரவிருந்த டேஹாஸ் என்ற சில்லைக் கைவிட்டது. அக்டோபரில் 4 ஜிகாஹெர்ட்ஸையும் கைவிட்டது. கம்பெனித் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்காலிட்டு, பாதி வேடிக்கையாக, மன்னிப்புக் கேட்டார். முழங்காலிட வைத்தது யார்? சூடு. தன் கராஜில் செம்புக் கட்டியோடு மல்லுக்கட்டிய பையனுக்கு அந்தச் சூடு ஏற்கெனவே பழக்கம். ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் அது எவ்வளவு கூடுகிறது என்று கையில் சுட்டுக்கொண்டு கற்றவன் அவன்.

அந்தப் பையன்கள் இன்டெலைவிடப் புத்திசாலிகள் என்று நான் சொல்லவில்லை. கையால் செய்தவனுக்குக் கிடைக்கும் அறிவு ஒன்று இருக்கிறது, அது புத்தகத்தில் கிடைக்காது என்கிறேன். அவ்வளவுதான்.

அவர்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லியாகணும். இருபது, முப்பது சதவிகித வேகத்துக்காக ஒரு ஏ.சி.யின் கம்ப்ரஸரை ஓட்டி மின்சாரத்தைத் தின்பது நியாயமில்லை. சிலர் மிச்ச கேஸைக் காற்றில் விட்டார்கள். ஆர்-404ஏ என்ற கலவை ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது கிட்டத்தட்ட 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அமெரிக்காவில் அப்படி வேண்டுமென்றே வெளியே விடுவது சட்டப்படி குற்றம். காட்மியம் கலந்த பழைய வெள்ளி ராடைக் கதவடைத்த அறையில் உருக்கினால், அந்தப் புகையே ஆளை முடித்துவிடும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜனை ஏற்றி லீக் பார்த்தால், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிகுண்டு. ஆகவே, இதைப் படித்துவிட்டு நாளைக்கே மொட்டைமாடியில் டார்ச்சோடு கிளம்ப வேண்டாம். தெரிந்தவர் பக்கத்தில் நிற்கணும். தெரிந்தவர் என்று நான் சொல்வது எம்.டெக். படித்தவரை அல்ல.

*

இனி நம் ஊருக்கு வருவோம். அந்த ‘வேலையத்த’ செம்புக் கட்டி இன்று எங்கே இருக்கிறது தெரியுமா?

செயற்கை நுண்ணறிவுக்காகச் செய்யப்படும் என்விடியாவின் ஹெச்-100 சில்லு ஒன்று 700 வாட் வரை இழுக்கும். அந்தக் கம்பெனியின் 72 சில்லுகள் அடுக்கிய பிந்தைய அலமாரி ஒன்று சுமார் 120 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. 80-ஐ ஒரே பீரோவுக்குள் அடைத்த மாதிரி. விசிறியெல்லாம் அங்கே எடுபடாது. ஒவ்வொரு சில்லின் தலையிலும், உள்ளே நுண்ணிய பாதைகள் குடைந்த செம்புத் தட்டு. உள்ளே திரவம். சில நிறுவனங்கள் திரவத்தை அங்கேயே கொதிக்கவிட்டு ஆவியாக்குகின்றன. கராஜில் பையன் செய்தானே, அதன் பணக்காரத் தம்பி! தட்டை மூடி ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அதே பிரேசிங்தான். என்ன, டார்ச்சுக்குப் பதில் உலை.

சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழும்பிவிட்டன. வாசலில் ‘கிளவுட்’ என்று போட்டிருந்தாலும் உள்ளே போனால் குழாய், குழாய், குழாய். எங்கெல்லாம் குழாய் உண்டோ அங்கெல்லாம் ஜாயின்ட் உண்டு. எங்கெல்லாம் ஜாயின்ட் உண்டோ அங்கெல்லாம் ஒரு நாள் லீக் உண்டு. அன்றைக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? பக்கத்து ஃப்ளாட் தம்பியையா?

அவர் எழுதும் ஒவ்வொரு வரியும், எங்கோ முகம் தெரியாத ஒருவர் லீக் இல்லாமல் ஒட்டிய செம்பின்மேல் நின்றுகொண்டிருக்கிறது. அவருக்கே அது தெரியாது. தெரியவிடாமல்தானே அவரை வளர்த்தோம்?

எஞ்சினீயரிங் முதல் வருஷத்தில் வொர்க்‌ஷாப் வகுப்பு உண்டு. நான் படித்த காலத்தில் அதில் ஆளுக்கு ஒரு முறை வெல்டிங் கம்பியைத் தொட்டுவிட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைந்தோம். மதிப்பெண் படத்துக்குத்தான். வெப்பவியல் தாளில் ஃபிரிட்ஜின் சுழற்சியை வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி ‘இதில் கேப்பிலரி எது?’ என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். இன்றைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு பக்கம் ஐ.டி.ஐ. குளிர்சாதன மெக்கானிக் பிரிவு, இரண்டு வருஷப் படிப்பு. அங்கே சேர்கிற பிள்ளையைப் பார்த்து, “மார்க் வரலியா கண்ணு?” என்று கேட்கிறோம். ஆறுதலாகக் கேட்பதாக நினைப்பு!

*

ஒரு வாரம் கழித்து அந்த மெக்கானிக்கின் கடைக்குப் போனேன். வெட்கம்தான் கூட்டிக்கொண்டு போனது. டார்ச்சைக் கொடுத்தார். பிடித்தேன். கை நடுங்கியது. நான் ராடை நெருப்பில் காட்டினேன். “ராடை விடுங்க சார், பைப்பைக் காயவைங்க. ராடை உருக்குறது பைப்புதான்” என்றார். மூன்று ஜாயின்ட் போட்டேன். வாளியில் முக்கினார். மூன்றிலும் குமிழி. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தது என்று பாராட்டினார்.

அப்போதுதான் அவர் முன்கையிலிருந்த தழும்பைப் பார்த்தேன். கேட்டேன். புது ரக ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐசோபியூட்டேன். நம் சமையல் சிலிண்டர் வாயுவுக்குப் பங்காளி. ஓசோனுக்கும் பூமிக்கும் நல்லது, தீக்குச்சிக்கு ஆகாது. கேஸை வெளியேற்றின பிறகும் கம்ப்ரஸர் எண்ணெயில் கொஞ்சம் கரைந்து நிற்கும். அதையும் பம்ப் வைத்து எடுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவிவிட்டுத்தான் நெருப்பைக் கொண்டுவரணும். அன்றைக்கு அந்த வீட்டம்மா, “கல்யாணத்துக்குக் கிளம்பணும், சீக்கிரம் முடிங்க” என்று நின்றுகொண்டிருந்தாராம். அவர் சீக்கிரம் முடித்தார்.

“நைட்ரஜன் சிலிண்டர் வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு சார். மாடிக்குத் தூக்கிட்டு வரணும். அதுக்கு முந்நூறு சேர்த்துக் கேட்டா, பக்கத்துக் கடைல இல்லாமலே போடறாங்களேன்னு சொல்வாங்க.”

புரிகிறதா? அவர் கையைச் சுட்டது ஐசோபியூட்டேன் இல்லை. நம் அவசரமும் நம் பேரமும். அந்த முந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, உள்ளே செதில் கட்டி, கேப்பிலரி அடைத்து, ஆறு மாதத்தில் ஃபிரிட்ஜ் மறுபடி நின்றால் அவரைத் திட்டுகிறோம். ‘இவனுங்களே இப்படித்தான்.’ நாம்தான் சார் அப்படி.

*

என் கோரிக்கைகள் பெரிசில்லை.

ஒன்று: உங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் வந்தால், ‘நைட்ரஜன் விட்டு ஒட்டுங்கள், அதற்கு உண்டானதைத் தருகிறேன்’ என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். உள்ளே என்ன கேஸ் என்பது கம்ப்ரஸர் மேல் உள்ள லேபிளில் இருக்கும். ஆர்-600ஏ, ஆர்-290 என்று இருந்தால் எரியும் வாயு. ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பை அணையுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டு: இந்தச் சாதனங்களை விற்கும் கம்பெனிகள் எரியும் கேஸுக்கு மாறியதைப் பசுமை என்று விளம்பரம் செய்கின்றன. செய்யட்டும். ஆனால் தங்கள் சர்வீஸ் சென்டர் ஆட்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவக் கூடாது. வாரன்ட்டி முடிந்த பிறகு அந்தப் பெட்டிகளைத் திறப்பவர் தெருமுனை மெக்கானிக்தான். அவருக்கும் பயிற்சி போய்ச் சேரணும், கூலியைப் பறிகொடுக்காமல்.

மூன்று: எஞ்சினீயரிங் கல்லூரிகள் தங்கள் வொர்க்‌ஷாப்புக்கு மாதத்தில் ஒரு நாள் இப்படி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டும். விருந்தினராக இல்லை, சம்பளம் வாங்கும் ஆசிரியராக. ஒவ்வொரு மாணவனும் ஒரு சின்னச் செம்பு எவாப்பரேட்டர் செய்யட்டும். வாளியில் முக்கும்போது குமிழி வந்தால் ஃபெயில், வராவிட்டால் பாஸ். இதைவிட நேர்மையான பரீட்சை நம் நாட்டில் எங்கும் கிடையாது. சிபாரிசு செல்லாது, மனப்பாடம் உதவாது.

நான்கு: உங்கள் பெண்ணோ பையனோ பழைய சாமான் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று சொல்லாதீர்கள். படிக்கிற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து ஃப்ளாட் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கிரே-1 கதையை ரசித்துக் கேட்டார். “இன்ட்ரஸ்டிங் அங்க்கிள்” என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடைக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நான் போகிறேன். நாலாவது ஜாயின்ட் பாக்கியிருக்கிறது.